இருப்பும் இறைமறுப்பும்: ஹைடெக்கரை முன்வைத்து

1945 அக்டோபரில் பாரிஸில் ஆற்றிய உரையொன்றில் சார்த்தர் இருத்தலியலாளரை இரு அணிகளாகப் பிரித்தார். யாஸ்பர்ஸும் மார்செலும் கிறித்தவ அணி. மார்ட்டின் ஹைடெக்கரும் தானும் நாத்திக அணி. அன்று குத்தப்பட்ட முத்திரை ஹைடெக்கர்மீது இன்றும் அழியாமல் இருக்கிறது. அது அவருக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் துணிபு. ஆயினும் முத்திரையைத் துடைத்துவிட்டு அவரை மறைமுக ஆத்திகராகக் காட்ட முனைவோரோடும் எனக்கு உடன்பாடில்லை. ‘இருப்பு’ என்பதை ஏதோ ஒரு பொருளின் பெயராக வாசிப்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர்.

‘இருப்பும் காலமும்’ (1927) என்ற நூலின் தொடக்கமே அவ்வாசிப்பைத் தடுக்கிறது. உள்ளவை வேறு, அவற்றின் உண்மை வேறு. இங்கே ‘உண்மை’யை அதன் பழைய பொருளில் ஆள்கிறேன்: இன்மைக்கு மறுதலையான உண்மை, உளதாம் தன்மை. ஜெர்மானிய மொழியில் ஹைடெக்கர் பாடுபட்டு நிறுவ வேண்டியிருந்த வேறுபாட்டுக்குத் தமிழ் இலக்கண மரபில் ஆயத்தமாகவே ஒரு சொல் கிடக்கிறது. மரம் உள்ளது, எண் உள்ளது, மனிதன் உளன். உளதாதலோ இவற்றின் பக்கத்தில் இன்னொரு பொருளாக நிற்பதில்லை. எனவே கடவுள் உண்டா என்பது உள்ளவற்றைப் பற்றிய வினா. அந்த ‘உண்டு’ என்பதற்கு என்ன பொருள் என்பது வேறு வினா. பின்னதில் இறங்கியவர் முன்னதற்கு ‘இல்லை’ என்று விடை சொல்லிவிட்டார் எனக் கொள்ள இடமில்லை. 1929இல் வெளிவந்த ‘அடிப்படையின் சாரம்’ கட்டுரையின் அடிக்குறிப்பில் அவரே இதைத் தெளிவாக்குகிறார்: மனிதனை உலகில்-இருத்தலாக விளக்குவதால், கடவுளோடு அவனுக்கு உறவு கூடுமா கூடாதா என்பது எப்பக்கமும் முடிவாகிவிடுவதில்லை.

ஆனால் 1921-22 ஃப்ரைபுர்க் விரிவுரைகளில், மெய்யியல் தன் அடிப்படையிலேயே நாத்திகமாக இருக்க வேண்டும் என்றவரும் அவர்தாமே? இது வலுவான தடை. மெஸ்கிர்ச் ஊர்க் கோயில் பணியாளரின் மகன், குருத்துவத்துக்கெனப் பயின்றவர், 1919இல் கத்தோலிக்க அமைப்பு தமக்கு ஏற்புடையதன்று என்று குருவான நண்பர் கிரெப்ஸுக்கு எழுதியவர். இந்த வாழ்க்கைச் செய்திகளைக் கோத்தால் ஒரு நம்பிக்கையிழப்பின் கதை எளிதில் உருவாகும். அக்கதை வாதத்தைத் தொடாது. அவர் கோரியது வினவும் முறைபற்றிய கட்டுப்பாடு: விடையை வெளிப்பாட்டிலிருந்து கடன் வாங்கிக்கொண்டு வினவுவதாகப் பாவனை செய்யலாகாது. 1927 ட்யூபிங்கன் உரையும் இதே வழியில்தான் செல்கிறது. இறையியலுக்கு முன்னே நம்பிக்கை என்ற ஒன்று தரப்பட்டுக் கிடக்கிறது. ஆகவே அது மெய்யியலைவிட வேதியியலுக்கே நெருக்கமானது என்றார். இறையியலை அவர் இழிக்கவில்லை. அதற்குரிய நிலத்தை அளந்து கொடுத்தார்.

1957இல் வந்த ‘முற்றொருமையும் வேறுபாடும்’ இன்னும் கூர்மையானது. மேலைத்தேய மெய்யியல் உள்ளவற்றுக்கெல்லாம் காரணமாக, தனக்குத் தானே காரணமான ஒன்றைக் கடவுள் என்றது. அக்கடவுள்முன் மண்டியிடவோ வேண்டவோ ஆடிப்பாடவோ மனிதனுக்கு இயலாது என்பது ஹைடெக்கரின் முறையீடு. அந்தக் கடவுளைக் கைவிடும் சிந்தனை தெய்வத் தன்மையுள்ள கடவுளுக்கு ஒருவேளை அணுக்கமாகலாம் என்றும் சேர்க்கிறார். காரணச் சங்கிலியின் முதற்கண்ணியைத் துறப்பது வழிபடுவோரின் தெய்வத்தை மறுப்பதாகிவிடாது.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 1946இல் ஜான் போஃப்ரேக்கு எழுதிய ‘மனிதநேயம் பற்றிய கடித’த்தில் அவர் ஒரு படிவரிசையை வகுக்கிறார். இருப்பின் உண்மையிலிருந்தே புனிதத்தைச் சிந்திக்கலாம், புனிதத்திலிருந்து தெய்வத்தன்மையை, அதன் பின்னரே ‘கடவுள்’ என்ற சொல்லின் பொருளை. இங்கேதான் ழான்-லுக் மரியோன், ‘இருப்பற்ற கடவுள்’ (1982) நூலில், கடவுளுக்கு முன்னே இருப்பு ஒரு திரையாகத் தொங்குகிறது என்று எதிர்த்தார். நாத்திகக் குற்றச்சாட்டைவிட இது பன்மடங்கு கனமானது. நாத்திகன் கதவைச் சாத்துகிறான். இங்கோ வருபவர் எந்த வாசல் வழியே வரவேண்டும் என்பது அவர் வருமுன்னே தீர்மானமாகிவிடுகிறது.

1951 சூரிச் கலந்துரையாடலில் ஹைடெக்கருக்காகப் பேசும் சான்று ஒன்று கிடைக்கிறது. இருப்பும் கடவுளும் ஒன்றல்ல. தாம் இறையியல் எழுதினால் ‘இருப்பு’ என்ற சொல்லுக்கு அதில் இடமிராது என்றார். மனிதன் கடவுளை எதிர்கொள்ளும் அனுபவம் மட்டும் இருப்பின் பரப்பில் நிகழ்கிறது என்பது அவர் வைத்த வரம்பு. இந்த வரம்பு பெறுபவனைப் பற்றியது, தருபவரைக் கட்டுவதாகாது. செவிக்கு எட்டும் எல்லைக்குள்தான் குரல் கேட்கும் என்பதால் குரலைச் செவி உண்டாக்கியது என்று ஆகுமா?

1951இன் ஹைடெக்கர் மரியோனுக்கு விடை சொல்லிவிடுகிறார். 1946இன் ஹைடெக்கருக்கு அந்த விடை போதாது. கடிதத்தின் படிவரிசை அனுபவத்தின் எல்லையோடு நிற்காமல், கடவுள் என்ற சொல்லின் பொருளையே இருப்பின் தீர்ப்புக்கு விடுகிறது. அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அந்தப் படிவரிசையைப் பற்றியது. சார்த்தரின் அணிப்பிரிப்பு அதைக் கேட்கவே விடவில்லை.