தூத்துக்குடி - சென்னை: விமானத் தூரமும் பயண நேரமும்

சென்னையில் உறவினர் ஒருவர் மவுத்தாகிவிட்டார் என்ற செய்தி வந்தால், காயல்பட்டினத்தில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு அடக்கம்? போய்ச் சேர முடியுமா?" என்பதுதான். விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தானே என்று கணக்குப் போட்டுவிடுகிறோம். அந்தக் கணக்கு சரிதானா?

தூரம் எவ்வளவு?

தூத்துக்குடி விமான நிலையம் திருநெல்வேலி சாலையில் வாகைக்குளத்தில் உள்ளது. அங்கிருந்து மீனம்பாக்கம் வரை நேர்கோட்டில் சுமார் 530 கி.மீ. சாலை வழியில் 600 கி.மீ.யும், மதுரை, திருச்சி வழியாகச் செல்லும் ரயில் பாதையில் 650 கி.மீ.யும் வரும்.

பறக்கும் நேரம்

இந்தத் தடத்தில் நாம் ஏறிப் பழகியது ஏ.டி.ஆர். 72 என்னும் இரட்டை விசிறி விமானம். மணிக்கு சுமார் 500 கி.மீ. வேகத்தில் செல்லும் இதற்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். விமானம் நிற்குமிடத்திலிருந்து நகரத் தொடங்குவது முதல் மறுமுனையில் வந்து நிற்பது வரையான நேரம்தான் டிக்கெட்டில் அச்சிடப்படுகிறது. சென்னையில் இறங்க முறை வரும்வரை வானில் காத்திருக்க நேர்ந்தால் இது இன்னும் கூடும்.

முன்பு 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,000 மீட்டராக நீட்டப்பட்டு, புதிய முனையமும் 26.07.2025 அன்று திறக்கப்பட்டது. ஏர்பஸ் போன்ற ஜெட் விமானங்கள் இறங்க இது போதுமானது. ஜெட்டில் இதே தூரத்தைச் சுமார் ஒரு மணி நேரத்தில் கடந்துவிடலாம்.

வீட்டிலிருந்து வீடு வரை

காயல்பட்டினத்திலிருந்து வாகைக்குளத்திற்கு ஒரு மணி நேரம். விமானம் புறப்படுவதற்கு 60 நிமிடம் முன்பே கவுண்டரை மூடிவிடும் நிறுவனங்கள் உண்டு என்பதால் ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே அங்கு இருக்க வேண்டும். பறக்க ஒன்றரை மணி நேரம். பெட்டியை எடுத்து வெளியே வர அரை மணி நேரம். விமான நிலையத்திலிருந்து மண்ணடிக்கு வண்டி மாறாமல் மெட்ரோவில் போக முக்கால் மணி நேரம். ஆக மொத்தம் ஐந்தேகால் மணி நேரம்.

எதைத் தேர்வு செய்வது?

காலையில் செய்தி வந்து, அன்றைய விமானத்தில் இடமும் கிடைத்தால் விமானமே மேல். அன்றைய கடைசி விமானம் போய்விட்டால் மறுநாள் விமானத்திற்காகக் காத்திருக்க வேண்டாம். இரவு முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் எழும்பூரில் இறங்கிவிடலாம். சென்னையிலிருந்து ஊருக்கு வருவோருக்கு மதுரை விமானமும் ஒரு வழி. மதுரையிலிருந்து தூத்துக்குடி சுமார் 135 கி.மீ.; நான்குவழிச் சாலையில் இரண்டரை மணி நேரத்தில் வந்துவிடலாம்.

விமான நேரங்கள் பருவத்திற்கேற்ப மாறும். எனவே டிக்கெட் எடுக்கும் முன் அன்றைய நேரத்தைப் பார்த்துக்கொள்வோம். அடக்க நேரத்தை முடிவு செய்யும் குடும்பத்தாரும், வருவோருக்கு விமான நேரத்தை அல்ல, இந்த ஐந்தேகால் மணி நேரத்தையே கணக்கில் கொள்வது நல்லது.