காற்றறைக்குள் ஒரு கொழுப்புப் படலம்

மனித நுரையீரல்கள் இரண்டிலும் சேர்த்துச் சராசரியாக 48 கோடி காற்றறைகள் இருக்கின்றன. எல்லாவற்றின் உட்சுவரிலும் ஈரம் உண்டு. நீர் இருக்கும் இடத்தில் பரப்பு இழுவிசையும் இருக்கும்; வளைந்த சின்ன அறைக்குள் அது சுவர்களை உள்நோக்கி இழுத்து அறையையே மூடப் பார்க்கும். நாம் மூச்சை வெளிவிடும்போது அப்படி மூடிவிடாமல் காப்பது அந்த நீரின் மேல் பரவியிருக்கும் கொழுப்புப் படலம். சர்ஃபக்டன்ட் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். அது பிறந்த இடத்தையும் போகும் வழியையும் எலக்ட்ரான் நுண்ணோக்கிதான் நமக்குக் காட்டிக்கொடுத்தது.

காற்றறைச் சுவரில் இரண்டு வகைச் செல்கள் உண்டு. முதல் வகை தட்டையாக விரிந்து பரப்பின் 95 சதவீதத்தை மூடிவிடும். பல இடங்களில் அதன் தடிமன் வெறும் 0.2 மைக்ரான். ஒளி நுண்ணோக்கியின் கண்ணுக்கு எட்டும் எல்லையும் ஏறத்தாழ அவ்வளவே. அதனால் ரத்தத் தந்துகிகள் காற்றை நேரடியாகத் தொடுகின்றனவா, மேலே ஓர் உறை இருக்கிறதா என்ற சண்டை பல பத்தாண்டுகள் ஓயவில்லை. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க உடற்கூறியலாளர் ஃபிராங்க் லோ எடுத்த எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் அதை முடித்துவைத்தன. உறை இருக்கிறது, எங்கும் அறுபடாமல்.

நம் கொழுப்பு பிறப்பது இரண்டாம் வகைச் செல்லில். குட்டையான அந்தச் செல் மூலை பார்த்து ஒதுங்கியிருக்கும். படத்தில் அதைக் கண்டுபிடிப்பது எளிது: உள்ளே சுமார் 1 மைக்ரான் அளவில் கரிய அடுக்குருண்டைகள், குறுக்கே நறுக்கிய வெங்காயம்போல் படலத்துக்குள் படலமாக. இச்செல்களே காற்றறையின் மேற்பூச்சைச் சுரக்கின்றன என்று கனடாவின் சார்லஸ் மேக்லின் 1954இல் ஊகித்தார். உருண்டைகள் எப்படி உருவாகின்றன என்பதில் தடுமாற்றம் இருந்தது. 1962இல் மார்ஷல் கிளாஸ், ஜான் கிளெமென்ட்ஸ் குழுவினர் அவை மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து மாறி வந்தவை என்று எழுதினார்கள். பத்தாண்டுகளுக்குப் பின் எலிகளுக்கு, இக்கொழுப்பில் போய்ச் சேரும் கோலைனைக் கதிரியக்க வடிவில் கொடுத்து அது போகும் பாதையைப் பார்த்தபோது உண்மை தெரிந்தது. முதலில் எண்டோபிளாச வலை, அடுத்து கோல்கி, கடைசியில் அடுக்குருண்டை. மைட்டோகாண்ட்ரியாவுக்கு அதில் பங்கில்லை.

ஆழமாக ஒரு மூச்சு இழுக்கும்போது செல் நீட்டப்படுகிறது. அந்த நீட்சியே உருண்டையை வெளியே தள்ளும் முக்கியத் தூண்டல். நீருக்குள் விழுந்த அடுக்குகள் பிரிந்து, புரதங்களின் துணையோடு, நானோமீட்டர் அளவிலான சதுரக் கட்டங்களாக ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு நிற்கின்றன. உயிருள்ள உடலுக்குள் இவ்வளவு ஒழுங்கான கட்ட அமைப்பை முதல்முறை பார்ப்பவர்கள் அதைப் படம் எடுத்ததில் நேர்ந்த கோளாறு என்றே நினைப்பார்கள். அங்கிருந்து மூலக்கூறுகள் நீர்ப்பரப்புக்கு ஏறிப் படலமாகின்றன.

ஆனால் அந்தப் படலம் படங்களில் நெடுநாள் சிக்கவே இல்லை. இந்த இடம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. நுரையீரலை எலக்ட்ரான் கற்றைக்கு முன் கொண்டுவர, அதைக் குளுட்டரால்டிஹைடில் நிலைப்படுத்தி, ஆஸ்மியம் ஏற்றி, ஆல்கஹாலில் நீரை வெளியேற்றி, பிசினில் பதித்து, வைரக் கத்தியால் சீவவேண்டும். நீரில் மிதக்கும் சீவல் வெள்ளி நிறத்தில் மின்னினால் தடிமன் சரி, சுமார் 60, 70 நானோமீட்டர். மூச்சுக்குழாய் வழியாக நிலைப்படுத்தும் திரவத்தை ஊற்றுவதே வழக்கம். அது பார்க்க வேண்டிய படலத்தையே கழுவிக்கொண்டு போய்விடும். போதாக்குறைக்கு, ஆஸ்மியம் பற்றிக்கொள்வது இரட்டைப் பிணைப்புள்ள கொழுப்புகளை. இப்படலத்தின் முக்கியக் கொழுப்பில் இரட்டைப் பிணைப்பே இல்லை, அதனால் ஆல்கஹால் அதைக் கரைத்துவிடுகிறது. பல படங்களில் அடுக்குருண்டைகள் பாதி வெறுமையாகத் தெரிவதற்கும் இதுவே காரணம்.

சுவிட்சர்லாந்தின் ஈவால்ட் வைபெல், ஜோன் கில் இருவரும் வழியை மாற்றினார்கள். காற்றறைகளில் காற்றை அப்படியே விட்டுவிட்டு ரத்த நாளங்கள் வழியாகத் திரவத்தைச் செலுத்தினார்கள். 1968இல் வெளியான அவர்களின் படங்களில் கீழே நீர், மேலே படலம் என்று இரண்டு அடுக்குகள் தெரிந்தன. அதுவரை கிடைத்திருந்த அழகான படங்களில் ஏதோ குறைகிறது என்று சந்தேகப்பட்டார்களே, அந்தச் சந்தேகத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

வேலை முடிந்த படலம் சிறு குமிழ்களாக உடைகிறது. கொஞ்சத்தைக் காற்றறையின் மேக்ரோஃபேஜ்கள் விழுங்கும். பெரும்பகுதியை இரண்டாம் வகைச் செல்லே திரும்ப எடுத்து, புதிய அடுக்குருண்டைகளில் சேர்த்து, மறுபடி வெளியே அனுப்பும்.

கருவில் அடுக்குருண்டைகள் ஏறத்தாழ 24ஆம் வாரத்தை ஒட்டியே தலைகாட்டுகின்றன. போதுமான அளவு சேர இன்னும் பத்து வாரம் போல ஆகும். மூச்சுத் திணறி இறந்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் சர்ஃபக்டன்ட் குறைவு என்று மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் 1959இல் காட்டினார்கள். 1980இல் ஜப்பானின் டெட்சுரோ ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து தயாரித்த சர்ஃபக்டன்டைப் பத்துக் குழந்தைகளின் மூச்சுக்குழாய்க்குள் செலுத்தினார். அவர்களின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏறியது. இன்றும் மருத்துவமனைகளில் மாட்டு நுரையீரலிலிருந்தும் பன்றி நுரையீரலிலிருந்தும் எடுத்தவையே பெரும்பாலும் பயன்படுகின்றன. குறைமாத ஆட்டுக்குட்டிகளில் செய்த ஆய்வுகளில், வெளியிலிருந்து வந்த அந்தக் கொழுப்பையும் இரண்டாம் வகைச் செல்கள் தம்முடையதைப்போலவே உள்ளே எடுத்துக்கொண்டு மீண்டும் காற்றறைக்குச் சுரந்தன.