பெயரும் எண்ணும்

பிரான்சுக்குச் செல்லும் இந்தியப் பயணிகளுள் சிலர் நெவ் ஷாப்பெல் போர் நினைவகத்தையும் நாடுகின்றனர். 1927இல் திறக்கப்பட்ட அதன் சுவரில், முதல் உலகப் போரில் மடிந்து கல்லறை அறியப்படாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியப் படையினரின் பெயர்கள் உள்ளன. கொள்ளுப்பாட்டனின் பெயரைத் தேடித் தடவிப் பார்க்கலாம்.

அதே போரில் மெசபடோமியாவில் மாண்டோருக்காக 1929இல் திறக்கப்பட்ட பஸ்ரா நினைவகத்தில் அது இயலாது. பிரித்தானிய வீரர்களுக்கும் இந்தியப் படையின் அதிகாரிகளுக்கும் அங்கே பெயருண்டு. இந்தியச் சிப்பாய்களோ படைப்பிரிவுவாரியாக வெறும் எண்ணிக்கை. தகுதி, இனம், சமயம் பாராது நினைவுகூர்வதே கொள்கை என்றுரைத்த போர்க்கல்லறை ஆணையத்தின் செயல் இது! ஐரோப்பிய மண்ணில் பெயர், அதற்கு அப்பால் எண் என்பதே நடைமுறையாயிற்று எனலாம். ஆணையம் வருத்தம் தெரிவித்தது 2021இல். அதற்கு முன்பே, 1997இல், சதாம் உசேனின் ஆணையால் அந்நினைவகம் பாலைநிலச் சாலையோரத்துக்கு இடம்பெயர்க்கப்பட்டிருந்தது.