பெயர் மாறிய கட்டணம்

மாணவர் போராட்டம் என்றதும் ஊர்வலமே நினைவுக்கு வரும். கர்நாடகத்தில் ஒரு போராட்டம் மனுவாக எழுந்தது.

1989 ஜூன் 5 அன்று பெங்களூரிலிருந்து மாநில அரசு வெளியிட்ட அறிவிக்கை, தனியார் மருத்துவக் கல்லூரிகளின் ஆண்டுக் கட்டணத்தை மூன்றாக வகுத்தது: அரசு இடங்களுக்கு 2,000 ரூபாய், பிற இடங்களில் சேரும் கர்நாடக மாணவர்க்கு 25,000, வெளிமாநிலத்தவர்க்கு 60,000 வரை. மூன்றுக்கும் ஒரே பெயர், கல்விக் கட்டணம். கேப்பிட்டேஷன் கட்டணத்தையோ அதே அரசின் 1984ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருந்தது.

இலத்தீனில் தலையைக் குறிக்கும் 'கபுட்' என்பதே இச்சொல்லின் வேர். தலைவரி என்பது பழம்பொருள். தமிழ் வழக்கில் அது 'நன்கொடை'. கொடுப்பவரின் விருப்பம் ஒன்றுதான் அதில் இராது.

தும்கூர்க் கல்லூரியொன்றில் சேர முயன்ற மீரட் மாணவி மோகினி ஜெயினிடம் முதலாண்டுக்கு 60,000 ரூபாயும் எஞ்சிய ஆண்டுகளுக்கு வங்கி உத்தரவாதமும் கோரப்பட்டன. குடும்பத்துக்கு அது இயலாத தொகை. அவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார்.

1992 ஜூலை 30 அன்று வந்த தீர்ப்பு, எப்பெயரிட்டாலும் அரசு இடக் கட்டணத்துக்கு மேற்பட்ட தொகை கேப்பிட்டேஷனே என்றது. கல்வியை வாழ்வுரிமையின் கூறாகவும் அறிவித்தது. 1993 பிப்ரவரியில் உன்னிகிருஷ்ணன் வழக்கு அவ்வுரிமையை 14 வயதோடு வரையறுத்தது. தனியார் தொழிற்கல்லூரிகளில் பாதி இடங்களைக் 'கட்டண இடங்கள்' ஆக்கியது. மீண்டும் ஒரு புதுப்பெயர்!

மோகினி ஜெயினுக்கோ இடம் கிட்டவில்லை. அவர் தகுதி வரிசையில் தேர்வானவரல்லர், வகுப்புகளும் 1991இலேயே தொடங்கிவிட்டன என்று அதே தீர்ப்பு கூறிவிட்டது.