அரசுத் தந்தியில் வெளியார்

1794-இல் கிளோட் ஷாப் என்ற பிரெஞ்சுக்காரர் பாரிசிலிருந்து லீல் நகருக்குத் தந்தித் தொடர் அமைத்தார். மின்சாரம் கிடையாது. கோபுரத்தின் மேல் மரக்கைகளை அசைப்பார்கள். அடுத்த கோபுரத்துக்காரர் தொலைநோக்கியில் பார்த்து அப்படியே அசைப்பார். அரசுச் செய்திக்கு மட்டும்தான் இடம். ஆனாலும் போர்தோ நகரத்து பிளாங்க் சகோதரர்கள் ஊழியருக்கு லஞ்சம் கொடுத்து, பங்குச் சந்தைத் தகவலை அரசுச் செய்திக்குள் நுழைத்தார்கள். 1836-இல் பிடிபட்டார்கள்.

2019 ஏப்ரலில் பிரான்ஸ் அரசு தன் ஊழியர்களுக்கென்று தனி மெசஞ்சர் தொடங்கி, ஷாப் நினைவாக 'ச்சாப்' என்று பெயர் வைத்தது. அரசு மின்னஞ்சல் முகவரி இருந்தால்தான் அனுமதி. தொடங்கிய கையோடு ரொபேர் பாப்தீஸ்த் உள்ளே போய்விட்டார். நம் ஆதார் செயலியின் குறைகளை வெளியே சொன்னவரும் இவர்தான். தன் முகவரியின் வாலில் அதிபர் மாளிகை முகவரியை ஒட்டினார். சர்வர் வாலைப் பார்த்து 'நம்மவர்' என்றது. உறுதிசெய்யும் மடலையோ தலையிலிருந்த முகவரிக்கு அனுப்பியது. அவரே தெரிவித்ததால் ஓட்டை அடைபட்டது.

நம் நாட்டிலும் தேசிய தகவலியல் மையம் 'சந்தேஸ்' என்ற மெசஞ்சரை உருவாக்கியிருக்கிறது. எந்த மெசஞ்சரானாலும் பழைய டெஸ்பாட்ச் செக்‌ஷன் பாடம்தான்: சரிபார்த்த முகவரியும் உறைமேல் எழுதும் முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும்.