சுண்ணாம்பும் சிமெண்டும்

தைப்பூசத்தன்று காவடியுடன் ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குச் செல்லும் நாம் அண்ணாந்து பார்க்கின்ற மலை, சுண்ணாம்புக்கல் மலையாகும். சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் அக்கல்லே தாய். ஆயினும் பிள்ளைகள் இருவரின் குணமும் வேறு.

கல்லைச் சுட்டு நீற்றினால் சுண்ணாம்பு கிடைக்கிறது. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்ல இறுகும். சுர்க்கி எனும் செங்கற்பொடி சேர்த்தால் ஈரத்திலும் இறுகும். 1895-இல் கட்டி முடித்த பெரியாறு அணையின் உட்பகுதி இத்தகைய காரையால் ஆனதே.

கட்டடத் தொழில் அறிந்த நம்மவர் பேராவுக்கும் வந்தனர். பத்து காஜாவில் வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் தொடங்கிய மாளிகைக்கு உழைத்தவர்களில் பலர் தென்னிந்தியத் தொழிலாளர். தொற்றுக் காய்ச்சலில் பலர் மாண்டனர்; அருகே மாரியம்மன் கோயில் எழுந்தது. 1926-இல் ஸ்மித் லிஸ்பனில் இறந்தார். மாளிகை பாதியில் நின்றது. அதன் செங்கற் சுவர்கள் இன்றும் நிற்கின்றன.

சிமெண்டின் கதை வேறு. 1824-இல் இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் சேர்த்துக் கடும் வெப்பத்தில் சுட்டு அரைப்பதே அது. நீர் பட்டால் விரைவில் இறுகும். மலாயாவில் 1953-இல் ரவாங்கில் ஆலை வந்தது. 1960-களில் ஈப்போவின் தாசேக்கிலும் வந்தது. மூட்டை எளிதாகக் கிடைக்கவே, எந்த விரிசலுக்கும் சிமெண்டே மருந்து என்றாகிவிட்டது.

இங்கேதான் தவறு நேர்கிறது. பழைய தோட்டக் கோயிலின் செங்கற் சுவர் ஈரத்தை உறிஞ்சும்; சுண்ணாம்புக் காரை வழியே அதை வெளியே விடும். கடினமான சிமெண்டுப் பூச்சு அவ்வழியை அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் செங்கல்லையே அரித்து உதிர்க்கும். பூச்சு பிழைக்கும், சுவர் கெடும்!

ஆகவே முதலில் பழைய காரையை ஆணியால் கீறிப் பார்ப்போம். வெண்மையாக, எளிதில் உதிர்ந்தால் பெரும்பாலும் அது சுண்ணாம்பு. அதற்கு ஒரு பங்கு சுண்ணாம்பும் மூன்று பங்கு மணலும் கலந்த காரையே ஏற்றது.

கம்பி வைத்த கான்கிரீட் தூணுக்கோ சிமெண்டே வேண்டும். துருப்பிடித்த கம்பி பருத்து, மேலுள்ள கான்கிரீட்டைப் பிளக்கும். எனவே துருவை முழுதும் சுரண்டி, நீரை அளவோடு சேர்த்துக் கலந்து பூசி, ஏழு நாளாவது ஈரச்சாக்கால் மூடி வைப்போம்.

பாட்டன் கட்டிய சுவருக்குப் பாட்டன் அறிந்த காரை. நாம் எழுப்பிய தூணுக்கு நம் காலத்துச் சிமெண்டு. இதை நினைவில் கொள்வோம்.