பெருவழியும் நிழலும்: ஒரகடம் சாலைகளை முன்வைத்துச் சில எண்ணங்கள்

வழிகாட்டுதலையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்தவர்கள் தமிழர். ‘ஆறு’ என்பது வழி. ஆற்றுப்படை என்பது வழிப்படுத்துதல். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனின் காஞ்சிக்குப் பாணனை அனுப்பிவைக்கிறது. அதன் 500 அடிகளுக்குள் உப்பு வணிகரின் வண்டிகள் வருகின்றன. மிளகுப் பொதி சுமக்கும் கழுதைகள் வருகின்றன. சுங்கம் கொள்ளும் பெருவழியும் அதைக் காத்து நிற்கும் வில்வீரரும் வருகின்றனர். ஆகவே தொண்டை நாட்டுப் பெருவழி நம் இலக்கியத்துள் நுழைந்தபோதே சரக்குச் சாலையாகத்தான் நுழைந்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் லாரிகள் பெருகியதனாலேயே சாலை அழகிழந்தது என்று வருந்துவோர் இதை நினைவிற் கொள்ள வேண்டும்.

ஒரகடத்தில் இரு சாலைகள் குறுக்கிடுகின்றன. ஒன்று வண்டலூரிலிருந்து படப்பை வழியாக வாலாஜாபாத் செல்வது. மற்றொன்று சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை ஏறத்தாழ 25 கிலோமீட்டர் செல்வது. இந்த இரண்டாம் சாலையின் ஒரு முனையில் பல்லவர் காலக் குடைவரையில் நரசிம்மர். மறுமுனையில் 1017இல் இராமானுசர் பிறந்த ஊர். இடையே அருணகிரிநாதரின் பாடல் பெற்ற வல்லக்கோட்டை முருகன். முதற் சாலைக்கு அருகேதான், 7ஆம் நூற்றாண்டில் பல்லவரும் சாளுக்கியரும் பொருத மணிமங்கலம். வழியெங்கும் ஏரிகள். கண்ணுக்கு இனிய சாலைக்கு வேண்டியவை அனைத்தும் இங்கே முன்னரே இருந்தன.

நம் பழஞ்சாலைகளின் வடிவமைப்பு எளிமையானது: இருமருங்கும் மரம். அசோகர் தம் ஏழாம் தூண் சாசனத்தில், மாக்களுக்கும் மக்களுக்கும் நிழல் தர ஆலமரங்கள் நடுவித்ததைப் பெருமையுடன் பொறித்தார். 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாளின் பெயரைச் சத்திரங்களோடு நிழற்சாலைகளும் தாங்கி நிற்கின்றன. ஆங்கிலேயர் காலத்திலும் அதன் பின்னரும் நம் மாவட்டச் சாலைகளில் புளிக்கே முதலிடம். அடிமரத்தில் சுண்ணாம்புப் பட்டை, அதன்மேல் எண், ஆண்டுதோறும் காய்க்கு ஏலம். நிழலுக்கு நிழல், அரசுக்கு வருவாய், ஏழை வீட்டுக் குழம்புக்கு உதிர்ந்த பழம். சுந்தர ராமசாமியின் புகழ்பெற்ற நாவலைப் படித்த நம் வட்டத்தாருக்கு, அந்த ஏலத்தின் பின்னே எத்தனை மனிதக் கதைகள் உண்டு என்பதை நான் விரிக்க வேண்டியதில்லை.

சாலையையே ஒரு காட்சியாக அமைக்கும் முயற்சி அமெரிக்காவில் வேறு வகையில் நடந்தது. 1925இல் முழுமையுற்ற பிராங்க்ஸ் ஆற்றுப் பூங்காச்சாலை அதற்கு முன்னோடி. மிகப் பெரியது புளூ ரிட்ஜ் பூங்காச்சாலை. ஏறத்தாழ 755 கிலோமீட்டர். பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தோருக்கு வேலை தரும் திட்டமாக 1935இல் தொடங்கி, 1987இல்தான் நிறைவெய்தியது. ஸ்டான்லி அபாட் என்னும் நிலவடிவமைப்பாளர், மலையின் வளைவுக்கேற்பச் சாலையை வளைத்தார், வேகத்தை மட்டுப்படுத்தினார், பழைய வேலிகளையும் வயல்களையும் காட்சியின் பகுதியாக்கினார். போற்றத்தக்க பணியே. ஆயினும் அங்கே சரக்கு லாரிக்கு அனுமதியில்லை. உழைப்பின் சுமையை வேறு சாலைகளுக்கு அனுப்பிவிட்டுப் பெற்ற அழகு அது. நம் புளியஞ்சாலை மூட்டை வண்டிக்கும் நடந்து செல்பவனுக்கும் சேர்த்தே அழகாயிருந்தது. எனக்கு இரண்டாவதே உயர்ந்ததாகப் படுகிறது.

இனி மாற்றத்திற்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிற்று. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் வந்து 2014இல் மூடியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் வந்தது. ஆலைகளுக்காகச் சாலைகள் பல வழித்தடங்களாக அகன்றன. அகலப்படுத்தும்போது முதலில் சாய்வது சாலையோர மரம். ஏனெனில் அது நிற்பது அரசு நிலத்தில், இழப்பீடு கேட்க அதற்கு ஆளில்லை. ஈடாக நடுத்திட்டில் அரளியும் காகிதப்பூவும் வந்தன. எதிர்வண்டி விளக்கின் கூச்சத்தை அவை மறைக்கும். ஓட்டுநரின் கண்ணுக்கும் குளிர்ச்சி. ஆனால் சாலை நடுவில் எவரும் நிற்பதில்லை. நிற்பவர்கள் ஓரத்தில் இருக்கிறார்கள்: நண்பகல் முறைக்கு ஆலைப் பேருந்தை எதிர்நோக்கும் பெண்கள், வாயில் திறக்கக் காத்திருக்கும் லாரிக்காரர், இளநீர் விற்பவர். பூங்காச்சாலையின் இலக்கணம் ஊர்தியில் இருப்பவனின் பார்வையிலிருந்து எழுதப்பட்டது. அதன் ஒரு துண்டைத்தான், பூச்செடியை மட்டும், நாம் எடுத்துக்கொண்டோம்.

தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 2015இல் வகுத்த பசுமைக் கொள்கை, திட்டச் செலவில் 1 விழுக்காட்டை மரம் வளர்க்க ஒதுக்கச் சொல்கிறது. பணத்தினும் அரிது இடம். ஓரத்தில் வடிகால், அதையடுத்து மதிற்சுவர் என்றானபின் புளியங்கன்று எங்கே வேரூன்றும்? நில எடுப்பின்போதே, மதிலுக்கும் வடிகாலுக்கும் இடையே மரத்திற்கென்று ஒரு பட்டையை வரைபடத்தில் குறித்துவிட வேண்டும். புளி காய்க்கவே பத்தாண்டு ஆகலாம். நம் வட்டத்தின் வயது அது. இன்று நட்டால் இருபதாம் ஆண்டு மலர் வரும்போது முதல் ஏலம் விடலாம்.